சாசரில் ஒரு நட்டு

நட்டு சாசரில் இருக்கிறது. இவள் அதைக் குழாயில் கோக்கவில்லை. கோக்காமலேயே குழாய்க்குள் உப்பை நிரப்ப ஆரம்பித்துவிட்டாள். நான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் கோத்துக்கொள்வாள், ஏதோ கணக்கு வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்கும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மறதிகூட இல்லை, இவளுக்குத் தெரியவே தெரியாது. குழாயின் ஒரு முனையில் கூம்பு மாதிரி ஒரு தடிப்பு இருக்கிறதே, அது நான் பற்றவைத்தது, என் கை கையாக இருந்த காலத்தில். அந்த முனை வழியாக நட்டு ஏறாது. மறுமுனையில் நுழைத்துக் குழாய் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து கூம்புக்குப் பின்னால் நிறுத்தவேண்டும். குழாய் நேராக இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை அது. வளைத்தபிறகு நட்டு வளைவில் முட்டிக்கொண்டு நிற்கும், தலைகீழாக நின்றாலும் போகாது. நட்டு இல்லாவிட்டால் குழாயைப் பாய்லரோடு இறுக்க முடியாது. இறுக்காவிட்டால் பாய்லருக்குத் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாவிட்டால் ஆவி இல்லை, ஆவி இல்லாவிட்டால் என் எஞ்சின் எஞ்சினே இல்லை. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் ஆரம்பித்தது. முழங்கை நீளத்தில் ஒரு மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின், சக்கரத்தின் ஆரக்கால் வரைக்கும் அளவு பிசகாமல், எல்லாம் முடிந்து இந்த ஒரு குழாய்க்காகக் காத்துக்கொண்டு மேஜை ஓரத்தில் நிற்கிறது. இது கடைசித் துண்டு. பேனா ரீஃபிளைவிட மெல்லிசான இந்தச் செம்புக் குழாய் திருச்சியில் எந்தக் கடையிலும் கிடையாது. சென்னையில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டார். இதைத் தவிர மற்ற துண்டுகளையெல்லாம் நான்தான் வளைக்கிறேன் பேர்வழி என்று நசுக்கித் தொலைத்தேன். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். நட்டு. அவ்வளவுதான். சொல்லமாட்டேன். கட்டிய மனைவிதான், ஆனால் நான் இவளோடு பேசுவதில்லை.

பேச்சை நிறுத்தியது என் தம்பி மகன் கல்யாணத்தில். தஞ்சாவூரில் பெரிய மண்டபம், முதல் பந்தி. நான் முதல் பந்தியில் உட்காருவதை விட்டு ரொம்ப நாளாகிறது. கூட்டம் வடிந்தபிறகு மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, மோர்சாதத்தை மட்டும் குனிந்து அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். அன்றைக்குத் தம்பி தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்துவிட்டான். எதிர்வரிசையில் ஆபீசில் எனக்குக் கீழே வேலை பார்த்த தணிகாசலம், அவனுக்குப் பக்கத்தில் அவன் சம்பந்தி. ரசம் வந்தது. வேண்டாம் என்று கையை நீட்டினேன். கை சொன்ன இடத்தில் நிற்காமல் கரண்டியில் போய் இடித்தது, ரசம் இலையைத் தாண்டி வேட்டியில் கொட்டியது. அவ்வளவுதான் நடந்தது. துடைத்துக்கொண்டால் முடிந்துபோகிற விஷயம். இவள் விட்டாளா? பக்கத்து இலையிலிருந்து சாய்ந்து, என் இலையில் கைவைத்து, சாதத்தைப் பிசைந்து உருட்டி என் வாயருகே கொண்டுவந்தாள். எதிர்வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "அவருக்குக் கை நடுங்குது, பாவம்" என்றாள். பாவமாம். கொளுத்துகிற வெயிலில் கம்பத்தடியில் நின்று ஆட்களை விரட்டி வேலை வாங்கியவன் நான், என்னைப் பார்த்துத் தணிகாசலம் முன்னால் பாவம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆறாதது என்னவென்றால், நான் வாயைத் திறந்தேன். என்னைக் கேட்காமல் இந்த வாய் திறந்துகொண்டது, குழந்தைக்குத் திறந்துகொள்வதைப் போல. தணிகாசலம் சட்டென்று தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். துப்பவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அப்படியே விழுங்கினேன், இன்னும் அது தொண்டையிலேயே நிற்பதாகத்தான் இருக்கிறது. எனக்குக் கை நடுங்குகிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. குளிர் என்றிருக்கிறேன், காபி அதிகமாகிவிட்டது என்றிருக்கிறேன், ராத்திரி தூக்கமில்லை என்றிருக்கிறேன். டாக்டரிடம்கூட "இவங்க அப்படிச் சொல்றாங்க" என்று இவளைத்தான் கைகாட்டினேன். நான் வாயால் சொல்லாத வரைக்கும் அது இல்லை. அப்படிக் கட்டிக் காத்த ஒன்றை ஒரு கவளத்தில் போட்டு உடைத்துவிட்டாள். மண்டபத்துப் படி இறங்கியதிலிருந்து இவளோடு பேச்சு கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இவளுக்கு அது உறைக்கவே இல்லை. அழுவாள், கெஞ்சுவாள், மகளுக்கு போன் போட்டுப் புலம்புவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் கிடையாது. கேள்வியையும் இவளே கேட்டு பதிலையும் இவளே சொல்லிக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். "கீரை வாங்கட்டுமா? சரி, வாங்கறேன்." "ஃபேன் வேகமா இருக்கா? குறைக்கறேன்." நான் சுவராம், சுவரோடு பேசிப் பழகிவிட்டாளாம். இந்த வாய்ப்பூட்டைப் போட்டது நான், திண்டாடுவதும் நான். பால்காரனிடம் நாலு வார்த்தை கூடப் பேசுகிறேன், அவன் ஓடுகிறான். போதாததற்கு ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், என் மேஜையில், என் விளக்கைப் போட்டுக்கொண்டு, என் நாற்காலியில் இவள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் எஞ்சினின் ஏணிப்படி. "இது லேசா கழண்டிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன் என்பது அவளுக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. அன்றையிலிருந்து சமையல் முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். எனக்கு எதிர் நாற்காலி. இதே எஞ்சினை ஒரு நவராத்திரிக்குக் கொலுவில் கொண்டுபோய்ச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தவள் இவள். வந்தவர்களெல்லாம் "பொம்மை ரயில் அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க" என்று கேட்டுவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கினீங்களாம்.

உப்பை நிரப்பிவிட்டுக் குழாயை மேஜையில் டொக் டொக்கென்று தட்டுகிறாள். தட்டத் தட்ட உப்பு இறங்குகிறது, மேலே இன்னும் கொஞ்சம் போடுகிறாள். உள்ளே கெட்டியாக ஏதாவது இருந்தால்தான் வளைக்கும்போது குழாய் நசுங்காது. நான் ஆற்றுமணல் போடுவேன், சலித்து, வறுத்து, ஆறவைத்து. வளைத்தபிறகு மணல் முழுதாக வெளியே வராது, ஊசியைவிட்டுக் குடைந்து ஊதிப் பிராணன் போகும். இவள் அடுப்படியிலிருந்து பொடி உப்பைக் கொண்டுவந்தாள். முனையை அடைக்கச் சப்பாத்தி மாவில் ஒரு துளி உருட்டி வைத்துக்கொண்டாள். "வேலை முடிஞ்சதும் வெந்நீர்ல போட்டா உப்பு கரைஞ்சு போயிடும்ல" என்று சுவரிடம் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் மணலைக் குடைந்துகொண்டிருந்தவனுக்கு இது தோன்றவில்லையே என்பதைவிட, இவளுக்குத் தோன்றியதே என்பதுதான். அதற்கு முன்னால் குழாயைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாள். செம்பு அப்போதுதான் இளகி, சொன்னபடி கேட்கும். எவ்வளவு சிவக்கவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் அது லேசாகச் சிவந்ததும் எடுத்துவிட்டாள். சொல்லித்தரவேண்டியதில்லை. பல் டாக்டர் ஒருவரின் பின்னறையில் காலமெல்லாம் கம்பி வளைத்தவள். கோணல் பல்லுக்குப் போடுகிற கிளிப்பெல்லாம் இவள் கைதான். நான் அதை ஒரு வேலையாக மதித்ததில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் "இவ பல்லுக்கு வேலி போடறவ" என்பேன், வந்தவர்கள் சிரிப்பார்கள், இவளும் சிரித்துக்கொண்டே காபி கொண்டுவருவாள். கம்பியை வளைத்தால் கொஞ்சம் திமிறித் திரும்பும், அதனால் வேண்டியதற்கு ஒரு மயிரிழை கூடவே வளைத்து விடவேண்டும் என்பதெல்லாம் இவள் விரலுக்குத் தெரியும். ஆனால் கம்பிக்கு நட்டு கிடையாதே. வளைத்தோமா, வெட்டினோமா, வாயில் மாட்டினோமா என்று போய்விடும். வளைப்பதற்கு முன்னால் கோக்கவேண்டியது என்று ஒன்று உண்டென்பது அந்தப் பின்னறையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அது குழாய்க்காரனுக்குத் தெரிந்த சங்கதி. எனக்குத் தெரிந்த சங்கதி. இந்த மேஜையில் இவளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது இப்போது அது ஒன்றுதான் மிச்சம், அதை எடுத்து இவள் கையில் கொடுத்துவிட வேண்டுமா?

"எல்லாம் சரியா இருக்கா பாருங்க" என்கிறாள். குழாயை விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறாள். "ஏதாவது விட்டுட்டேனா? பேச வேண்டாம், தலையையாவது ஆட்டுங்க." நான் ஃபேனைப் பார்க்கிறேன். மூன்று இறக்கையிலும் ஒட்டடை. அதைத் துடைக்க இவளுக்கு நேரமில்லை, எஞ்சின் செய்ய நேரமிருக்கிறது. தலையை ஆட்டினாலும் பேசிய மாதிரிதானே. ஒரு அசைவு கொடுத்தால் போச்சு, அடுத்த வேளையே "இன்னிக்கு இவர் தலையாட்டினார்" என்று மகளுக்கு போன் போகும், மகள் தணிகாசலம் வீட்டுக்குச் சொல்லாவிட்டாலும் தம்பி வீட்டுக்குச் சொல்லுவாள். கேட்டது கேட்டாகிவிட்டது, நான் சொல்லவில்லை, தப்பு இப்போது யாருடையது? அவளுடையதுதான். செய்யத் தெரியாத வேலையில் யார் இவளைக் கைவைக்கச் சொன்னது? மேஜையின் இந்தப் பக்கம் சாசர், சாசரில் நட்டு, மிளகளவு, ஆறு முகம். ஆறு முகத்தையும் அரத்தால் ராவியது நான், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. அப்போது மூச்சைப் பிடித்தால் கை நிற்கும். இப்போது மூச்சைப் பிடித்தால் மூச்சுதான் நிற்கிறது. "சரி, சரியா இருக்குன்னு வச்சுக்கறேன்" என்று இவளே பதில் சொல்லிக்கொண்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறாள்.

முதல் வளைவு பெரிய வளைவு. பாய்லரின் வயிற்றை ஒட்டிக்கொண்டு நிதானமாகப் போகிறது, டம்ளரின் வட்டம் அதற்குச் சரியாக இருக்கும் என்று எப்படியோ கண்டுபிடித்திருக்கிறாள். இது ஒன்றும் ஆபத்தில்லை. இவ்வளவு அகலமான வளைவில் நட்டு தவழ்ந்து தவழ்ந்து போய்விடும், வளைத்தபிறகுகூடக் கோக்கலாம். ஆபத்து இரண்டாவதில். அது முழங்கை மடிகிற மாதிரி சின்ன இடத்தில் மடங்குகிறது, கூம்புக்குப் பக்கத்திலேயே. அது ஆனால் ஆனதுதான். ஆகவே எனக்கு இன்னும் நேரமிருக்கிறது. எதற்கு நேரம்? சொல்வதற்கா? சொல்லப்போவதில்லை என்றுதானே முடிவு. குழாயை டம்ளரின்மேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவுகிறாள். அவசரமே இல்லை. இழுப்பதில்லை, மடக்குவதில்லை, நீவுகிறாள், குழாய் தானாகவே படிகிறது. நான் வளைத்த துண்டுகள் இப்படிப் படிந்ததில்லை. பாதி தூரம் ஒழுங்காகப் போகும், அப்புறம் இந்தக் கை ஒரு உதறு உதறும், குழாயின் இடுப்பு ஒடிந்து நசுங்கும். ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டேன், இவள் பார்க்காத நேரமாகப் பார்த்து. இவள் பார்த்திருக்கிறாள், குப்பையைக் கொட்டுகிறவள் இவள்தானே. டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரு வட்டச்சுழி போடச் சொன்னார். ஊர் ஊராக மின்பாதைக்குப் படம் போட்டவனைச் சுழி போடச் சொன்னார். போட்டேன். பேனாவை எடுத்தபிறகு பார்த்தால் அது சுழியாக இல்லை, மரவட்டை சுருண்டு கிடப்பது மாதிரி நூறு கால் வைத்துக்கொண்டு கிடந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மருந்தை எழுதினார். இது குறையாது, மெதுவாகக் கூடும், முதலில் கை, அப்புறம் நடை, அப்புறம் முகம்கூடச் சிரிக்க மறந்துபோய் இறுகிவிடுமாம். இறுகுவதற்குள், இந்த விரல் ஒரு சின்னப் பித்தளைக் கைப்பிடியைத் திருகுகிற அளவுக்காவது இருக்கும்போதே, எஞ்சினில் ஆவி ஏறவேண்டும். கைப்பிடியை நான் திறக்கவேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் போதும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், வேறு எதற்கும் நான் இப்போது ஆசைப்படவில்லை.

அப்படியானால் சொல்லித் தொலையேன். யார் எஞ்சின் இது? என் எஞ்சின். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறாயே, மூக்கு யாருடையது என்று யோசித்தாயா? யோசித்தேன். யோசிக்காமலா இருக்கிறேன். இவள் முடித்துவிட்டால் இது யார் எஞ்சின்? சக்கரம் சுற்றும், நாலு பேர் வருவார்கள், தம்பி வருவான், "அண்ணி கைவண்ணம்" என்பான். இவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் அவர் பண்ணினதுதான், நான் அந்த ஒரு குழாய்தான்" என்பாள், அந்த அடக்கத்திலேயே என்னைக் குழி வெட்டிப் புதைப்பாள். பாவம், அவருக்குக் கை நடுங்குது. அதைவிட நட்டில்லாத குழாயோடு இது நிற்கட்டும். யாராலும் முடியவில்லை என்று நிற்கட்டும். என்னால் முடியாதது இவளாலும் முடியவில்லை என்றால், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லை, நியாயம் இல்லை, வயிற்றெரிச்சல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எரிவது என் வயிறு, அதற்கு நான் யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. முதல் வளைவு முடிந்துவிட்டது. குழாயைக் கொண்டுபோய்ப் பாய்லரின் வயிற்றில் பொருத்திப் பார்க்கிறாள். மெழுகினது மாதிரி ஒட்டிக்கொண்டு உட்காருகிறது. எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோகிறது. இது நான் மனதில் வரைந்து வைத்திருந்த கோடு. இவ்வளவு நாளாக என் தலைக்குள் இருந்தது, வெளியே வந்து பளபளவென்று நிற்கிறது. ஐயோ, நட்டு.

இப்போதுகூட முடியும். முழங்கை வளைவுக்கு முன்னால் நட்டை நுழைத்துத் தள்ளிவிடலாம். பேசாமலேயே காரியத்தை முடிக்க ஒரு வழி தோன்றுகிறது. சாசரை இவள் பக்கமாகத் தள்ளிவிட்டால் போதும். கண்ணில் பட்டால் புரிந்துகொள்வாள், அவ்வளவு மக்கு இல்லை. நான் பேசினதாகவும் ஆகாது, எஞ்சினும் பிழைக்கும். கையை மேஜைமேல் வைக்கிறேன். வைத்ததுமே அது தன் வேலையைத் தொடங்குகிறது, கட்டைவிரல் ஆள்காட்டிவிரலில் உரசிக்கொண்டு, மாத்திரை உருட்டுகிற மாதிரி. நில். நில் என்று சொல்லிக்கொண்டே சாசரை நோக்கி நகர்த்துகிறேன். இவள் குறடு ஒன்றை எடுக்கிறாள், பல் டாக்டர் வீட்டிலிருந்து வந்தது, மூக்கு நீண்டது, முழங்கை வளைவுக்கு. என் விரல் சாசரின் விளிம்பைத் தொட்டதும் கடகடகடவென்று சாசர் மேஜையில் தாளம் போடுகிறது. தள்ளத்தான் பார்த்தேன். அது தள்ளவில்லை, உதறியது. நட்டு சாசருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பேறி, மேஜையில் குதித்து, தரையில் விழுந்து எங்கேயோ உருண்டது. இவள் நிமிரக்கூட இல்லை. "விடுங்க, விடுங்க. கையை மடியில வச்சுக்குங்க, நான் அப்புறம் எடுத்துக்கறேன்" என்கிறாள். அதே குரல். பந்தியில் கேட்ட குரல், பிசைந்து உருட்டின குரல். நட்டைக் காட்ட வந்த கை இவளுக்கு வெறும் நடுங்குகிற கை. என்னுடைய எதைப் பார்த்தாலும் இவளுக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. வாய்வரைக்கும் வந்துவிட்டது, நட்டுடி, நட்டைக் கோக்காம என்னத்த வளைக்கற என்று. கையை எடுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். பல்லைக் கடித்துக்கொள்கிறேன். வளை. நன்றாக வளை. உன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டி வளை.

வளைக்கிறாள். இடது கையில் குறட்டைப் பிடித்து, வலது கட்டைவிரலால் செம்பை அதன் மூக்கின்மேல் சாய்க்கிறாள். உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறாள், கவனமாக எதையாவது செய்யும்போது கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான். கொஞ்சம் சாய்த்து நிறுத்துகிறாள், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கிறாள், மறுபடி சாய்க்கிறாள். குக்கர் விசில் அடிக்கிறது, எழுந்திருக்கவில்லை. இப்போது சொல்லலாம், பாதிதான் வளைந்திருக்கிறது. இப்போது சொல்லலாம், இன்னும் முழுதாகவில்லை. இப்போது. ஒரு மயிரிழை கூடுதலாக வளைத்து விடுகிறாள், அது திமிறித் திரும்பி, சரியான கோணத்தில் வந்து நிற்கிறது. ஆகிவிட்டது. ஒரு நசுங்கல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு சுத்தமான வளைவை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை, அது எதற்கும் உதவாது. வெந்நீரில் போட்டுக் குலுக்குகிறாள், உப்புக் கரைந்து போகிறது, ஒரு முனையில் வாய் வைத்து ஊதுகிறாள், மறுமுனையில் காற்று வருகிறது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. என்னிடம் காட்டத்தான் திரும்புகிறாள், நான் ஃபேனைப் பார்க்கிறேன். அப்புறம் குனிந்து, மேஜைக்கடியில் கைவிட்டுத் துழாவி, நட்டை எடுத்துக்கொண்டு நிமிர்கிறாள்.

நிமிர்ந்தவள் நட்டைக் குழாயின் நேர்முனையில் நுழைக்கிறாள். அது பெரிய வளைவு முழுக்கத் தவழ்ந்து வந்து முழங்கையில் முட்டி நிற்கிறது. திருகிப் பார்க்கிறாள். கழற்றி, கூம்பு முனையில் வைத்துப் பார்க்கிறாள். ஏறவில்லை. மறுபடி நேர்முனை. மறுபடி முட்டுகிறது. அவள் கை மெதுவாகிவிடுகிறது. முழங்கையை நிமிர்த்தப் பார்த்தால் இவ்வளவு மெல்லிசு மடிந்த இடத்திலேயே பிளந்துவிடும். கூம்பைச் சூடு காட்டிக் கழற்றலாம், ஆனால் மறுபடி பற்றவைக்க என்னுடைய பழைய கை வேண்டும், நெருப்பு ஒரு நொடி கூடினால் இந்த மெல்லிசு உருகி ஓடிவிடும். அது அவளுக்கும் தெரியும், தெரிந்தது முகத்தில் தெரிகிறது. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரும் என்றுதானே இவ்வளவு நேரம் காத்திருந்தேன். வரவில்லை. எஞ்சின் மேஜை ஓரத்தில் நிற்கிறது. அவள் சாசரைப் பார்க்கிறாள். சாசர் இருந்த இடத்தையும் என் நாற்காலியையும் பார்க்கிறாள். அப்புறம் என்னைப் பார்க்கிறாள்.

"நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சாசரைத் தள்ளினீங்களே, அது இதுக்குத்தானா? இதைக் கோக்கலன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?" உள்ளங்கையில் நட்டை நீட்டுகிறாள். "நான் கேட்டேனே, ஏதாவது விட்டுட்டேனான்னு. தெரிஞ்சேவா உக்காந்திருந்தீங்க?"

தெரிந்தேதான். ஆமாம், தெரிந்தேதான் என்று சொல்லிவிடலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், அதுவும் ஆமாம்தான். இவள் என்னையே பார்க்கிறாள். இந்தப் பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. பாவம் என்று பார்ப்பது எனக்குப் பிடிக்காது, ஆனால் இது அது இல்லை, இது என்னை முதல்தடவையாகப் பார்க்கிற பார்வை. வாய் திறக்கிறது. எத்தனையோ நாளாகப் பூட்டிக் கிடந்ததில் குரல் கரகரத்துக்கொண்டு வருகிறது.

"இல்ல" என்கிறேன். "தெரியாது. கை நடுங்கிடுச்சு. அதான் சாசர்ல பட்டுது."

சொல்லிவிட்டேன். என் காதாலேயே கேட்கிறேன். டாக்டரிடம் சொல்லாதது, தம்பியிடம் சொல்லாதது, எதைச் சொன்னதற்காக இவளோடு பேச்சை நிறுத்தினேனோ அதையே, அதுவும் ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க. அவள் நட்டை மேஜைமேல் வைக்கிறாள். நம்பமாட்டாள் என்று நினைக்கிறேன். நம்பக்கூடாது என்றுகூட நினைக்கிறேன். அவள் கண் கலங்குகிறது.

"உங்க வாயால இதை நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லீங்க" என்கிறாள். "இதைச் சொல்லத்தானே இத்தனை நாள் கஷ்டப்பட்டீங்க. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன." குழாயை எடுத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் படுக்கவைக்கிறாள். "இது போனா போகுது. மறதி என்னோடது. நீங்க என்ன பண்ணுவீங்க."

எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், கை கழுவுகிற சத்தம், குக்கர் மூடி திறக்கிற சத்தம். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், இல்லை, பொய், நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் என்று. இப்போது பேசத் தடையும் இல்லை, வாய்தான் திறந்தாகிவிட்டதே. மடியில் கை கிடந்து மாத்திரை உருட்டிக்கொண்டிருக்கிறது. தட்டோடு வருகிறாள். ஸ்பூன் இல்லை. நாற்காலியை இழுத்து என் முழங்காலை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். ரசத்தை ஊற்றிச் சாதத்தைப் பிசைகிறாள், நெய் வாசனை வருகிறது, சற்று முன்னால் செம்பை நீவிய அதே கட்டைவிரல். யாரும் பார்க்கவில்லை. தணிகாசலம் இல்லை, பந்தி இல்லை. உருட்டி எடுத்து என் வாயருகே கொண்டுவருகிறாள்.

"சூடு போதுமா பாருங்க" என்கிறாள்.

வாயைத் திறக்கிறேன்.